'கோயிங் கிளியர்' படம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

சயின்டாலஜி பற்றிய 'கோயிங் கிளியர்' ஆவணப்படத்தைத் தெரிந்தவர்கள் பலரையும் பார்க்கச் சொல்லி வருகிறேன். பார்த்து முடித்த கையோடு போன் செய்வார்கள். சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம், சிலருக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட தொனியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். படம் பார்க்காதவர்களுக்கும் புரியும்படி தேவையான விவரங்களை ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

முதல்ல இது என்ன படம்? சயின்டாலஜின்னா ஏதாவது விஞ்ஞானமா?

விஞ்ஞானம் இல்லை. எல். ரான் ஹப்பர்ட் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் 1950-ல் 'டயனெடிக்ஸ்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். மனக் காயங்களை மருத்துவர் இல்லாமலே ஆற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வாக்குறுதி. புத்தகம் அமோகமாக விற்றது. சில வருடங்களிலேயே அந்த முறை ஒரு மதமாக உருமாறி, 1954-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'சர்ச் ஆஃப் சயின்டாலஜி' பதிவானது. 1986-ல் ஹப்பர்ட் இறந்த பிறகு தலைமைக்கு வந்தவர் டேவிட் மிஸ்கேவிஜ். இன்றைக்கும் அவர்தான்.

படத்தை இயக்கியவர் அலெக்ஸ் கிப்னி. லாரன்ஸ் ரைட் என்ற பத்திரிகையாளர் 2013-ல் எழுதிய புத்தகம்தான் அடிப்படை. 2015 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள், மார்ச் 29-ல் எச்பிஓ சேனலில் ஒளிபரப்பானது. அந்த வருடம் மூன்று எம்மி விருதுகள் வாங்கியது.

படத்துல பேசுறவங்க எல்லாம் யாரு? சும்மா நாலு நாள் போயிட்டு வந்தவங்களா?

அப்படி ஒருவர்கூட இல்லை. முன்னாள் உறுப்பினர்களாகப் பேசுகிற எல்லோரும் வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள். பால் ஹாகிஸ் ஆஸ்கர் வாங்கிய திரைப்பட இயக்குநர், சுமார் 35 வருடம் இருந்தார். மைக் ரிண்டர் சர்ச்சின் செய்தித் தொடர்பாளராக உலகத்துக்கு முகம் காட்டியவர். மார்ட்டி ராத்பன் மிஸ்கேவிஜுக்கு மிக நெருக்கமான இடத்தில் இருந்தவர். ஹானா எல்ட்ரிங்ஹாம் விட்ஃபீல்ட், ஹப்பர்ட் கப்பலில் வாழ்ந்த காலத்திலேயே அவரோடு இருந்தவர். நடிகர் ஜேசன் பெகே, ஸ்பாங்கி டெய்லர், சாரா கோல்ட்பர்க், டாம் டி வாக்ட் ஆகியோரும் பேசுகிறார்கள்.

இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்களில் சிலர், உள்ளே இருந்த காலத்தில் அடிபட்டவர்கள் மட்டும் இல்லை, மற்றவர்களை அடித்தவர்களும்கூட. அதைக் கேமரா முன்னால் ஒத்துக்கொள்கிறார்கள். பின்னால் வருகிற சில கேள்விகளுக்கு இது முக்கியம்.

கையில ரெண்டு டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே, அது என்ன?

அது ஈ-மீட்டர். இரண்டு உலோக உருளைகளைக் கையில் பிடித்துக்கொண்டால் மிகச் சிறிய மின்சாரம் உடம்பு வழியாகப் போகும். தோலின் மின்தடை மாறும்போது கருவியில் முள் ஆடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்பார், முள் ஆடுகிற இடத்தில் நிறுத்தி இன்னும் தோண்டுவார். இதற்கு ஆடிட்டிங் என்று பெயர். பழைய வேதனைகளை இப்படிப் பேசிப் பேசித் தீர்த்தால் 'கிளியர்' என்ற நிலைக்கு வரலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. படத்தின் தலைப்பு அதிலிருந்து வந்ததுதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1963-ல் வாஷிங்டனில் சோதனை போட்டு இந்தக் கருவிகளைப் பறிமுதல் செய்தது. இப்போது அது நோயைக் குணமாக்கும் கருவி இல்லை, மதச் சடங்குக்கானது என்று சொல்லித்தான் பயன்படுத்துகிறார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது முள்ளை அல்ல, எதிரே இருக்கும் நோட்டை. ஆடிட்டிங்கில் சொல்வது எழுதி வைக்கப்படுகிறது. கல்யாண வாழ்க்கை, பாலுறவு, திருட்டு, பயம் என்று யாரிடமும் சொல்லாததை எல்லாம் அங்கே சொல்கிறார்கள். அந்தக் கோப்புகள் சர்ச்சிடமே இருக்கின்றன.

பிளானெட், எரிமலை, ஹைட்ரஜன் பாம்னு ஒரு கதை வந்துச்சே. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுருச்சு. இதைப் போய் எப்படி நம்புறாங்க?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. கதை இதுதான்: ஏழரைக் கோடி வருடங்களுக்கு முன்னால் ஜீனு என்ற அண்ட அதிபதி, மக்கள்தொகை பெருத்துவிட்டதால் கோடிக்கணக்கானோரைப் பூமிக்குக் கொண்டுவந்து எரிமலைகளைச் சுற்றி வைத்து ஹைட்ரஜன் குண்டு போட்டுக் கொன்றார். அந்த ஆவிகள் இன்றும் நம் உடம்பில் ஒட்டிக்கொண்டு தொல்லை தருகின்றன. 1985-ல் ஒரு நீதிமன்ற வழக்கு வழியாக இந்த ரகசியப் பாடம் வெளியே வந்தது.

சிரிப்பு வருவதில் தப்பில்லை. ஆனால் யாரும் முதல் நாள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சேர்வதில்லை. பால் ஹாகிஸ் சேர்ந்தது 1975-ல், கனடாவில். இருபத்திரண்டு வயது, காதலியோடு ஓயாத சண்டை. தெருமுனையில் ஒருவர் கையில் புத்தகத்தைத் திணிக்கிறார். உறவைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆரம்ப வகுப்புகள் கூச்சத்தைப் போக்கின, பேசக் கற்றுக்கொடுத்தன, ஆடிட்டிங்கில் மனப்பாரம் இறங்கியது. இது நிஜமாகவே உதவியது என்று வெளியே வந்தவர்களே சொல்கிறார்கள். ஜீனு வருவது வெகு உயரத்தில், 'கிளியர்' நிலையையும் தாண்டிய 'ஓ.டி. 3' என்ற படியில். அதற்குள் வருடங்களும் பணமும் போயிருக்கும், நண்பர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

ஹாகிஸ் அந்தக் கையெழுத்துப் பக்கங்களைப் படித்தபோது, இது ஒருவேளை பைத்தியமா இல்லையா என்று பார்க்க வைத்த சோதனையோ, நம்புகிறேன் என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று யோசித்தாராம். அப்படி யோசித்த மனிதர் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். என்னைப் பொறுத்தவரை படத்தின் மையமே இந்த இடம்தான். புத்தி இல்லாததால் இருக்கவில்லை. 'எனக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான்' என்று அத்தனை வருடமாகப் பழக்கப்பட்டிருந்தார்.

பிடிக்கலைன்னா எழுந்து வந்துற வேண்டியதுதானே? கதவைப் பூட்டியா வெச்சிருந்தாங்க?

பெரும்பாலானவர்களுக்குக் கதவு பூட்டப்படவில்லை. அவர்களைக் கட்டி வைத்தது குடும்பம்தான். சர்ச்சை எதிர்ப்பவர் என்று ஒருவருக்கு முத்திரை விழுந்தால், உள்ளே இருக்கும் மனைவி, பிள்ளை, அம்மா, அப்பா அவரோடு பேச்சை நிறுத்த வேண்டும். இதை டிஸ்கனெக்‌ஷன் என்கிறார்கள். படத்தில் சாரா கோல்ட்பர்க் பேசும் பகுதியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். மகனோடு உறவை வெட்டு என்றார்கள். அவர் மறுத்தார். மகளையும் பேரப்பிள்ளைகளையும் இழந்தார். மிரட்டல், அடிதடி எதுவும் வேண்டாம், இந்த ஒன்றே போதும். டிஸ்கனெக்‌ஷன் என்பது அவரவர் சொந்த முடிவு, நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை என்பது சர்ச்சின் பதில்.

அடுத்து பணம். ஹாகிஸ் வகுப்புகளுக்கும் ஆடிட்டிங்குக்கும் மட்டும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். சீட்டுக் கட்டியவர்களுக்கு இது புரியும்: பாதிக்கு மேல் கட்டியபின் கம்பெனி மேல் சந்தேகம் வந்தாலும், அடுத்த தவணையையும் கட்டிவிடத்தான் கை போகும். மூன்றாவது, மேலே சொன்ன ஆடிட்டிங் கோப்புகள் வெளியே வந்துவிடுமோ என்ற பயம்.

ஸீ ஆர்க் என்ற முழுநேர ஊழியர் அமைப்பில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் நூறு கோடி வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறவி பிறவியாகத் தொடரும் சேவை என்பது கணக்கு. கிடைப்பது சொற்பச் சம்பளம். சிறு வயதிலேயே சேர்ந்தவருக்கு வெளியே வங்கிக் கணக்கு இல்லை, படிப்பு இல்லை, தங்கப் போக ஒரு வீடு இல்லை. எழுந்து வந்துவிடலாம்தான். வந்து எங்கே போவது?

ஸ்பாங்கி டெய்லர் குழந்தை கதையை என்னால பார்க்கவே முடியல, ஆஃப் பண்ணிட்டேன். நிஜமா நடந்ததா?

அது அவருடைய வாக்குமூலம். ஸ்பாங்கி எழுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸில் ஹாலிவுட் நடிகர் ஜான் டிராவோல்டாவோடு நெருங்கிப் பழகி வேலை செய்தவர். ஊழியர்களைக் கடும் வேலை வாங்கும் சர்ச்சின் தண்டனைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டபோது கர்ப்பமாக இருந்தார். குழந்தை பிறந்த பிறகு அது சர்ச்சின் குழந்தைகள் காப்பகத்தில், இவர் தண்டனை வேலையில். ஒருநாள் போய்ப் பார்த்தால் குழந்தையின் கண்கள் பீளை கட்டி ஒட்டியிருக்கின்றன, டயபர் சிறுநீரில் ஊறிப்போயிருக்கிறது, மேலே பழ ஈக்கள். அந்த இடத்தில்தான் தப்பித்துப் போவது என்று முடிவெடுக்கிறார்.

இப்படிப்பட்ட கொடுமைகள் நடந்ததாகச் சொல்வதைச் சர்ச் மறுக்கிறது. நான் அவரை நம்புகிறேன். நாற்பது வருடம் கழித்தும் அந்த ஈக்களைச் சொல்லும்போது அவர் குரல் போகிற விதத்தைக் கேட்டவர்கள் தாங்களே முடிவு செய்யட்டும். நிறுத்திவிட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குழந்தையோடு வெளியே வந்துவிட்டார்.

டாம் க்ரூஸ், டிராவோல்டாவுக்கெல்லாம் இது தெரியாதா? தெரிஞ்சும் சும்மா இருக்காங்களா?

பார்த்தவர்களின் கோபம் பெரும்பாலும் இந்த இருவர் மேல்தான் திரும்புகிறது. இருவரையும் படம் கடுமையாகவே கேள்வி கேட்கிறது. சர்ச் பிரபலங்களுக்கென்று தனி மையங்களே நடத்துகிறது, அவர்கள் பார்க்கும் சயின்டாலஜியும் ஊழியர்கள் வாழும் சயின்டாலஜியும் வேறு வேறு. க்ரூஸின் அப்போதைய மனைவி நிக்கோல் கிட்மனின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க ஏற்பாடு நடந்தது என்று ராத்பன் படத்தில் சொல்கிறார், சர்ச் மறுக்கிறது.

அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் ஹாகிஸ் விஷயத்தில் ஒன்று தெரியும்: முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தும் சர்ச்சை விமர்சித்த எதையும் அவர் படித்ததில்லை. படிக்கக் கூடாது என்பது அங்கே ஒழுக்கம். சர்ச்சின் பேச்சாளர் டிவியில் 'டிஸ்கனெக்‌ஷனே கிடையாது' என்று சொன்னதைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவர் மனைவியே தன் பெற்றோரோடு பேசாமல் இருந்தவர். ஒரே பாலினத்தவர் திருமணத்தைத் தடுக்கும் கலிஃபோர்னிய முயற்சிக்கு ஒரு சர்ச் கிளை ஆதரவு கொடுத்ததும் சேர, 2009-ல் விலகல் கடிதம் எழுதினார்.

சர்ச் தரப்பைக் காட்டவே இல்லையே, இது ஒருதலைப்பட்சம் இல்லையா?

நியாயமான கேள்வி. மிஸ்கேவிஜ், க்ரூஸ், டிராவோல்டா ஆகியோர் பேட்டிக்கு மறுத்ததாகப் படமே சொல்கிறது. நாங்கள் அனுப்பத் தயாராக இருந்தவர்களிடம் கிப்னி பேசவில்லை, ஆதாரங்களையும் கேட்கவில்லை என்பது சர்ச்சின் குற்றச்சாட்டு. படம் வெளிவரும் முன்பே, 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஒரு பல்கலைக்கழகப் பாலியல் வன்முறை பற்றி வெளியிட்டுப் பின்னர் பொய்த்துப்போன கட்டுரையோடு இந்தப் படத்தை ஒப்பிட்டார்கள். பேட்டி கொடுத்த ஒவ்வொருவரையும் தாக்கி வீடியோக்களும் வந்தன.

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: குற்றச்சாட்டு இன்னது என்று சொன்னால், அதற்கான பதில் என்ன? 'சொன்னவர் பொய்யர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்' என்பது மட்டுமே பதிலாக வந்துகொண்டிருந்தால், பார்க்கிறவர் எந்தப் பக்கம் சாய்வார்? எச்பிஓ தரப்பில் கிட்டத்தட்ட 160 வக்கீல்கள் பார்த்திருப்பார்கள் என்று அதன் ஆவணப்படப் பிரிவுத் தலைவர் ஷீலா நெவின்ஸ் சொன்னார். வழக்குப் போடத் தயங்காத அமைப்பு என்று பெயர் வாங்கியது சர்ச்.

சாதாரண உறுப்பினர்கள், வார இறுதியில் வகுப்புக்குப் போய்விட்டு நிம்மதியாக இருப்பவர்கள், படத்தில் இல்லை. அது குறைதான்.

வரி விலக்கு எப்படிக் கிடைச்சுது? அந்த இடம் வேகமா ஓடிருச்சு, புரியல.

1967-ல் அமெரிக்க வருமான வரித்துறை சர்ச்சின் வரி விலக்கை ரத்து செய்தது. அங்கிருந்து கால் நூற்றாண்டுச் சண்டை. எழுபதுகளில் சர்ச்சின் ஆட்கள் அரசு அலுவலகங்களுக்குள் ஊடுருவி ஆவணங்களைத் திருடினார்கள். 1977-ல் எஃப்பிஐ சோதனை போட்டது, ஹப்பர்டின் மனைவி மேரி சூ உட்படப் பலர் சிறைக்குப் போனார்கள். இது குற்றச்சாட்டு இல்லை, நீதிமன்றத்தில் நிரூபணமானது.

அதற்குப் பிறகு வழி மாறியது. சர்ச்சும் உறுப்பினர்களுமாக வரித்துறை மேல் 2,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைப் போட்டார்கள். அதிகாரிகளின் சொந்த வாழ்க்கையைத் தோண்டத் தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தினார்கள். கடைசியில் 1993 அக்டோபரில் உடன்பாடு. சர்ச் கட்டியது 1.25 கோடி டாலர், கிடைத்தது முழு வரி விலக்கு. லாஸ் ஏஞ்சலஸில் பெரிய அரங்கில் உறுப்பினர்களைக் கூட்டி 'போர் முடிந்தது' என்று மிஸ்கேவிஜ் அறிவிக்கும் காட்சி படத்தில் வருகிறது. அந்த ஆரவாரத்தை அணைக்காமல் பாருங்கள். அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் அது மதம்.

அப்போ போலீஸ், கோர்ட் எல்லாம் என்ன பண்ணுது? மத்த நாட்டுல தடை பண்ணிட்டாங்களாமே?

அமெரிக்காவில் மதம் என்று ஆனபின் அதன் உள் ஒழுங்குமுறைக்குள் நீதிமன்றம் நுழையத் தயங்கும். ஸீ ஆர்க்கில் இருந்த ஹெட்லி தம்பதி, கட்டாய உழைப்பு என்று வழக்குப் போட்டார்கள். 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெளியேற வாய்ப்புகள் இருந்தன என்பது நீதிமன்றத்தின் வாதம். 'கதவு பூட்டியிருந்ததா' என்ற மேலே உள்ள கேள்வியையே சட்டமும் கேட்டது.

மற்ற நாடுகளில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. பிரான்ஸில் 2009-ல் மோசடிக்காகத் தண்டித்து அபராதம் போட்டார்கள், 2013-ல் உச்ச மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆனால் தடை இல்லை. ஜெர்மனியில் 1997-ல் அரசின் கண்காணிப்பு தொடங்கியது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1983-லேயே மதம் என்று ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2013-ல் அவர்கள் கோயிலில் திருமணம் நடத்த அனுமதித்தது.

சரி, எல்லா மதத்துலயும்தான் நம்ப முடியாத கதை இருக்கு, காசு வாங்குறாங்க, சாமியார் மோசடி இருக்கு. இவங்களை மட்டும் ஏன் சொல்லணும்?

கதையை வைத்து எந்த மதத்தையும் எடை போடக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடு. அதனால்தான் ஜீனுவைச் சிரித்துவிட்டுப் போக வேண்டாம் என்கிறேன். வெளியாள் காதுக்கு விசித்திரமாகப் படாத புராணம் எதுவும் கிடையாது.

நடத்தையைப் பார்க்கலாம். வேத நூல் எந்தக் கட்டத்தில் கைக்கு வருகிறது? பெரும்பாலான மதங்களில் முதல் நாளே படிக்கலாம், காசு இல்லாதவரும் படிக்கலாம். விலகினால் என்ன ஆகும்? சொந்த அம்மா பேசுவாரா? மனம்விட்டுச் சொன்ன ரகசியத்தை யார் வைத்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளை வேறு எந்த அமைப்பிடமும் கேளுங்கள், எந்த ஆசிரமத்திடமும், எந்தச் சபையிடமும். அங்கேயும் இதே பதில் வந்தால் அங்கேயும் இதே படம் எடுக்க வேண்டியதுதான். மற்றவர்களும் செய்கிறார்கள் என்பதால் சாரா கோல்ட்பர்க்குக்கு மகள் திரும்பிவிடப் போவதில்லை.

பால் ஹாகிஸ் மேலேயே பாலியல் வழக்குல தீர்ப்பு வந்துச்சு, ராத்பன் பல்டி அடிச்சுட்டார். இனிமே படத்தை எப்படி நம்புறது?

இரண்டும் உண்மை, மறைக்கக் கூடாது. 2022-ல் நியூயார்க்கில் ஒரு சிவில் வழக்கில் ஜூரி ஹாகிஸைப் பாலியல் வன்புணர்வுக்குப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்து, மொத்தம் ஒரு கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. இதன் பின்னால் சயின்டாலஜி இருக்கிறது என்ற அவர் தரப்பு வாதம் எடுபடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நடந்ததை 'எதிரிகளின் சதி' என்று ஒதுக்கினால், நாமும் சர்ச் செய்ததையே செய்கிறோம். ராத்பன் 2017-ல் இந்தப் படத்தையும் ரிண்டரையும் தாக்கி வீடியோக்களில் பேசினார்.

இரண்டு பேரையும் கழித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். எஃப்பிஐ சோதனை நிற்கிறது. வரித்துறை ஒப்பந்தம் நிற்கிறது. டிஸ்கனெக்‌ஷன் பற்றி அவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எத்தனையோ குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன. மிஸ்கேவிஜ் தனிப்பட்ட முறையில் எப்படி நடந்துகொண்டார் என்ற பகுதிகளில் ராத்பன் சொல்லுக்குக் கொஞ்சம் எடை குறையும், அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே சொன்னேன், இவர்கள் அடித்தவர்களும்கூட. மகான்கள் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது பெரிய அதிர்ச்சி.

படம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு. ஏதாவது மாறுச்சா?

வரி விலக்கு அப்படியே இருக்கிறது. மிஸ்கேவிஜ் இருக்கிறார். அவர் மனைவி ஷெல்லி 2007-க்குப் பிறகு பொதுவெளியில் தென்படவில்லை. 2013-ல் சர்ச்சிலிருந்து விலகிய நடிகை லியா ரெமினி, ஷெல்லியைக் காணவில்லை என்று புகார் கொடுத்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் ஆதாரமில்லை என்று கோப்பை மூடிவிட்டது.

மாறியது பேசுகிறவர்களின் எண்ணிக்கை. முன்பெல்லாம் வெளியே வந்தவர்கள் வாய் திறக்கவே பயப்படுவார்கள். 2016-ல் ரெமினியும் ரிண்டரும் சேர்ந்து ஒரு தொலைக்காட்சித் தொடர் தொடங்கினார்கள், மூன்று பருவம் ஓடியது. சர்ச்சைச் சேர்ந்த நடிகர் டேனி மாஸ்டர்சனுக்கு 2023-ல் இரண்டு பெண்களை வன்புணர்ந்த வழக்கில் 30 வருடம் முதல் ஆயுள் வரை தண்டனை கிடைத்தது. போலீஸுக்குப் போகாமல் சர்ச் தங்களைத் தடுத்ததாக, முன்பு உறுப்பினர்களாக இருந்த பெண்கள் சாட்சி சொன்னார்கள். சர்ச் மறுத்தது. ரிண்டர் 2025 ஜனவரியில் காலமானார். விலகியபின் தன் பிள்ளைகளோடு உறவு அறுந்துபோனது பற்றி அவர் பலமுறை பேசியிருக்கிறார்.

அடுத்து எதைப் பார்க்கலாம், எதைப் படிக்கலாம்?

பார்க்க வேண்டுமென்றால் மேலே சொன்ன ரெமினியின் தொடர். பிரபலங்களை விட்டுச் சாதாரணக் குடும்பங்களுக்குப் போகிறது, அதனால் டிஸ்கனெக்‌ஷன் எப்படி நடக்கிறது என்பது அங்கேதான் முழுசாகப் புரியும். ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், மனசு தாங்காது.

படிக்க லாரன்ஸ் ரைட்டின் புத்தகம். படம் ஒருதலைப்பட்சம் என்று நினைத்தவர்கள் இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒரு குற்றச்சாட்டு வரும் பக்கத்திலேயே, அடிக்குறிப்பில் சர்ச்சின் மறுப்பையும் அச்சிட்டிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்.